இணையத்தில் காயப்பட்ட பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்வது? யாழ்ப்பாணத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை செய்கிறேன். படம் பரவியவர்கள், போலிக் கணக்கில் பெயர் கெடுக்கப்பட்டவர்கள், வீடியோ அழைப்பைப் பதிவு செய்து பணம் கேட்டு மிரட்டப்பட்டவர்கள், வகுப்பு வட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்காகக் கேலிக்கு ஆளானவர்கள் என்று பல பிள்ளைகள் வருகிறார்கள். ஆளுக்கு ஆள் கதை வேறு. ஆனால் கூட வருபவர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

மகள் இப்போதுதான் அழுதுகொண்டு சொன்னாள். முதலில் என்ன செய்ய வேண்டும்?

அவள் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் நாக்கு நுனிக்கு வரும் முதல் கேள்வி "ஏன் அனுப்பினனி?" என்பதாக இருக்கும். அதை இன்றைக்குக் கேட்காதீர்கள். அவள் தன்னிடமே அதை நூறு தடவை கேட்டு முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

பிள்ளைகள் பலர் வீட்டில் இதைச் சொல்வதற்கு நாள்கணக்காக நேரம் பார்க்கிறார்கள். அம்மா குசினியில் நிற்கும்போது சொல்லலாமா, அப்பா கடைக்குப் போன பிறகு சொல்லலாமா என்று யோசித்து யோசித்துத் திரும்பிப் போய்விடுகிறார்கள். கடைசியில் சொல்லும் அந்த நிமிடத்தில் உங்கள் முகம் எப்படி மாறியது என்பது அவர்களுக்கு நெடுங்காலம் நினைவில் நிற்கும். படம் பரவியதைச் சொல்லும்போது அழாத பிள்ளை, "அம்மா தலையில அடிச்சு அழுதவ" என்று சொல்லும்போது உடைந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். மிரட்டியவன் யாரோ ஒருவன். அம்மா அப்படி இல்லையே.

"சொன்னது நல்லது பிள்ளை. நான் உன்னோட நிக்கிறன். ரெண்டு பேரும் சேர்ந்து பாப்பம்." இவ்வளவு போதும். இதைச் சொல்லிவிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள். சாப்பிட முடிந்தால் சாப்பிட வையுங்கள். இரவு பக்கத்தில் படுங்கள். பொலிஸ், பள்ளிக்கூடம், சொந்தக்காரர் எல்லாவற்றையும் காலையில் யோசிக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் காலைவரை காத்திருக்கக் கூடாது. அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஏற்கெனவே ஏசிவிட்டீர்களா? அடித்தும்விட்டீர்களா? திரும்பிப் போய், "பயத்தில அப்பிடிக் கதைச்சிட்டன், அது பிழை" என்று சொல்லுங்கள். தாமதமாகச் சொன்னாலும் அது பிள்ளையின் காதில் விழும்.

ஃபோனைப் பறித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டோம். சரிதானே?

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் பிள்ளை இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசியுங்கள்: உண்மையைச் சொன்னேன், தண்டனை கிடைத்தது. அடுத்த தடவை சொல்லாது. பார்த்துக்கொண்டிருக்கும் தம்பியும் தங்கச்சியும்கூடச் சொல்ல மாட்டார்கள். 2020இல் கொரோனாவோடு வகுப்புகள் சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போனபோது நாமேதான் கடன்பட்டாவது ஃபோன் வாங்கிக் கொடுத்தோம். பாடக் குறிப்பு, டியூட்டரி நேரமாற்றம், சிநேகிதிகள் எல்லாமே அதற்குள்தான் இருக்கின்றன. ஆறுதல் சொல்லக்கூடிய ஒரே தோழியும் அதற்குள் இருக்கலாம்.

இரவில் வீட்டில் எல்லோருடைய ஃபோனும், அப்பாவுடையதும் சேர்த்து, முன் அறையில் இருக்கட்டும். தெரியாத இலக்கங்களின் அழைப்பை நிறுத்தி வையுங்கள். இன்னொன்று முக்கியம்: படம் எங்கே வந்திருக்கிறது, யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பிள்ளை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தேடிப் பார்க்கும். ஒவ்வொரு தேடலும் காயத்தைத் திரும்பக் கிளறும். அந்த வேலையை நம்பிக்கையான பெரியவர் ஒருவர், அக்காவோ சித்தியோ, பொறுப்பெடுக்கட்டும். நாளுக்கு ஒரு தடவை பார்த்து, தேவையானதை மட்டும் பிள்ளையிடம் சொல்லட்டும்.

பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். கொடுத்துவிட்டால் முடிந்துவிடாதா?

முடியாது. ஒரு தடவை கொடுத்தால், இங்கே பணம் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த தொகை கூடும். பதில் எழுதவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிட்டு அந்தக் கணக்கைத் தடை செய்யுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டும் வங்கிக் கணக்கு இலக்கமும் சாட்சி, வைத்திருங்கள்.

இந்த மிரட்டலில் ஆண் பிள்ளைகள் நிறைய அகப்படுகிறார்கள். அழகான பெண்ணின் படம் போட்ட கணக்கு ஒன்று நட்பாகப் பேசத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் வீடியோ அழைப்பு வரும், அது பதிவாகும். அடுத்த நிமிடமே அவனுடைய முகநூல் நண்பர் பட்டியல் முழுவதையும் அவனுக்கே அனுப்பி, "இவையளுக்கெல்லாம் போகப்போகுது" என்பார்கள். இதைச் செய்வது பெரும்பாலும் ஒரே வேலையாக இருந்து பலரை ஏமாற்றும் கும்பல். உங்கள் மகனை அவர்களுக்கு ஆளாகத் தெரியாது. பொடியன் வெட்கத்தில் யாரிடமும் சொல்ல மாட்டான். திடீரென்று காசு கேட்டால், சங்கிலி காணாமல் போனால், ஏசுவதற்கு முன் ஒரு தடவை தனியே கூப்பிட்டு, "ஆரும் வெருட்டுகினமோ?" என்று கேளுங்கள். பெண் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைத்து மகன்களை நாங்கள் தனியே விட்டுவிடுகிறோம். எனக்கு மிகவும் கவலை தரும் விசயம் இது.

படத்தை இணையத்தில் இருந்து எடுக்க முடியுமா?

பெரிய தளங்களில் முடியும், நேரம் எடுக்கும். முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் எல்லாவற்றிலும் முறையிடும் வசதி உண்டு. அதோடு இரண்டு இலவசச் சேவைகள் இருக்கின்றன. படம் எடுக்கும்போது பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் ‘டேக் இட் டவுன்’ (Take It Down). அமெரிக்காவில் காணாமல்போன சிறுவர்களுக்காக இயங்கும் நிலையம் அதை நடத்துகிறது. 18க்கு மேற்பட்டவர் என்றால் ‘ஸ்டொப் என்சிஐஐ’ (StopNCII). இரண்டும் படத்தை உங்களிடமிருந்து வாங்குவதில்லை. உங்கள் ஃபோனிலேயே படத்துக்கு ஒரு இலக்கக் கைரேகை போன்ற குறியீடு உருவாகி, அது மட்டும் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தக் குறியீட்டோடு பொருந்தும் படத்தைத் தேடி அகற்றும். படம் இன்னும் வெளியே போகாவிட்டாலும் முன்கூட்டியே இதைச் செய்யலாம். ஏஐ கொண்டு முகத்தை ஒட்டிச் செய்த படத்துக்கும் இதே வழிதான். வட்ஸ்அப்பில் கைமாறுவதை இந்த முறையில் பிடிக்க முடியாது. அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் ஷெல்லுக்கும் கிபீர் விமானக் குண்டுக்கும் நடுவில் வளர்ந்தவர்கள். ஒரு படத்துக்காக இந்தப் பிள்ளை இப்படி உடையலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை. பங்கருக்குள் பிள்ளையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள். பசியும் இழப்பும் கண்டவர்கள். அவர்களுக்கு இது உண்மையிலேயே விளங்கவில்லை.

நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான். 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாண நகரம் உட்பட வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை, இருட்டு, அசைய முடியாத சனநெரிசல். ஆனால் நாவற்குழிப் பாலத்தில் யாரும் யாரையும் பார்த்து, "நீ என்ன பிழை விட்டதால உனக்கு இப்பிடி நடந்தது?" என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒன்றாக நடந்தது. முன்பின் தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் இடம் கிடைத்தது. இழப்பு பெரிதுதான், ஆனால் அதைத் தூக்கப் பல கை இருந்தது.

இந்தப் பிள்ளைக்கு நடந்தது அவளுக்கு மட்டும் நடந்தது. ஊர் அவளோடு சேர்ந்து ஓடவில்லை, நின்று பார்க்கிறது. சிலர் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். ஷெல் விழுந்தால் விழுந்து முடிந்துவிட்டது என்று தெரியும். இதில் முடிவு எப்போது என்று அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் எதிரே இருப்பவன் ஃபோனைப் பார்த்துச் சிரித்தால்கூடத் தன்னைத்தான் பார்க்கிறானோ என்று நெஞ்சு அடிக்கும். அன்றைக்கு உங்களுக்குத் திண்ணை தந்தவரை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு இப்போது தேவை அப்படி ஒருவர்.

எவ்வளவு நாளைக்கு இப்படி இருக்கும்? எப்போது வைத்தியரிடம் காட்ட வேண்டும்?

முதல் சில வாரங்கள் நித்திரை குழம்புவது, சாப்பாடு இறங்காமல் போவது, எரிந்து விழுவது, ஃபோன் சத்தம் கேட்டாலே திடுக்கிடுவது எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் ஆதரவு இருந்தால் மெல்ல மெல்ல ஏறி வருவார்கள். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவும் பயமும் குறையாவிட்டால், பள்ளிக்கூடத்துக்கோ டியூட்டரிக்கோ போகவே மறுத்தால், குளிப்பது தலை இழுப்பது எல்லாம் விட்டுவிட்டால், தன்னைத் தானே காயப்படுத்தினால் தாமதிக்க வேண்டாம். கையில் வெட்டுக் காயம் கண்டால் ஒரு மாதம் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

பிள்ளையை ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போய்த் திரும்பத் திரும்ப முழுவதையும் சொல்ல வைப்பது ஆறுதல் தராது, நோவுதான் கூடும். ஒரே ஒருவரிடம் ஒரு தடவை சொல்லட்டும். அவர் எழுதி வைத்துக்கொண்டால் மற்ற இடங்களில் அந்த எழுத்தைக் காட்டலாம்.

"சாகலாம் போல இருக்கு" என்று சொல்கிறாள். சும்மா சொல்கிறாளோ?

சும்மா என்று எடுக்காதீர்கள். நேராகக் கேளுங்கள்: "சாகவேணும் எண்டு யோசிக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மாறாக, சொல்ல இடம் கிடைத்ததே என்ற ஆறுதல்தான் வரும். அதன் பிறகு அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளையும் தோட்டத்துப் பூச்சி மருந்தையும் பூட்டி வையுங்கள். அதைவிட நல்லது இன்னொரு வீட்டில் கொடுத்து வைப்பது. இதைச் சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். 1995 அளவில் தற்கொலை வீதத்தில் உலகிலேயே முன்வரிசையில் நின்ற நாடு இது. கொடிய பூச்சிமருந்துகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பிறகு, இருபது ஆண்டுகளில் அந்த வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. அந்த நேரத்துக் கொந்தளிப்பு அடங்கும்வரை கைக்கு எட்டாமல் வைத்தாலே உயிர் தப்பும்.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். ஏதாவது நடந்துவிட்டால் 1990 அம்புலன்ஸ். "பொலிஸ் கேஸ் ஆகிடும்" என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998இலிருந்து குற்றமில்லை.

மனநல கிளினிக்குக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடாதா?

மனநல ஆஸ்பத்திரி இருப்பதால் "அங்கொடை" என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கும் சமூகம் நாங்கள். பயம் வரத்தான் செய்யும். பெரியாஸ்பத்திரி என்று நாங்கள் சொல்லும் யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. சிகிச்சை இலவசம். கிளினிக் குறிப்பு பள்ளிக்கூடத்துக்கோ கிராம சேவையாளருக்கோ போவதில்லை. போனவுடன் குளிசை தருவார்கள் என்றும் இல்லை, பல பிள்ளைகளுக்குப் பேச்சு மட்டுமே போதும். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே மனம் வரவில்லை என்றால், போர்க்காலத்தில் இருந்து உளவளத்துணை செய்துவரும் சாந்திகம் என்ற நிறுவனத்துக்குப் போகலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். அங்கே எத்தனையோ அலுவலுக்குச் சனம் போகிறது, நீங்கள் எதற்குப் போனீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்க வேண்டுமா?

பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின் கீழ்க் குற்றம். மிரட்டிப் பணம் கேட்பது கப்பம். சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுப்பது 345ஆம் பிரிவில் வரும். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பேச்சுச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று அதன்மேல் பலத்த எதிர்ப்பு இருக்கிறது. பிள்ளைகளின் விசயத்துக்குப் பழைய சட்டக்கோவையே போதிய வலுவுள்ளது என்பது என் எண்ணம்.

பொலிஸ் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தின் இலக்கம் 109. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929. பெண்களுக்கு 1938. முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை. எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். ஸ்கிரீன்ஷொட்டில் கணக்கின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, கணக்கின் இணைப்பையும் திகதியையும் நேரத்தையும் சேர்த்து எடுங்கள். பெயரை அவன் நாளைக்கே மாற்றிவிடுவான். படத்தை மட்டும், சாட்சிக்கென்றாலும், இன்னொருவருக்கு அனுப்ப வேண்டாம்.

ஆண் பிள்ளையை இன்னொரு ஆணோடு தொடர்புபடுத்தி மிரட்டினால், ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் 365அ பிரிவு இன்னும் சட்டத்தில் இருப்பதால் முதலில் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் அலுவலகம் உண்டு.

பெடியளை வைத்து அடிக்கலாம் என்று யோசிக்கிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். அடுத்த நாள் உங்கள் வீட்டு வாசலில் வாளோடு நிற்பார்கள். பிள்ளை அதையும் தன்னால் வந்தது என்று சுமக்கும்.

பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டுமா?

அதிபரிடமும் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடமும் மட்டும் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் ஃபோன் பாவனை பற்றி அறிவுரை சொல்ல வேண்டாம். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் முழுப் பள்ளிக்கூடமும் திரும்பி அந்தப் பிள்ளையைத்தான் பார்க்கும்.

கனடாவில் இருக்கும் மாமி வீடியோ அழைப்பில் கேட்கிறா. என்ன சொல்வது?

"ஓம், ஒரு பிரச்சினை நடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு இருக்கிறம். பிள்ளையிட்ட அதைப் பற்றிக் கேட்க வேண்டாம்." இந்த மூன்று வசனத்தையும் வீட்டில் எல்லோரும் ஒரேமாதிரிச் சொல்லுங்கள். "நாளைக்குக் கலியாணம் எப்பிடி?" என்ற பேச்சு வந்தால் பிள்ளையின் காதில் விழாத இடத்தில் வைத்து நிறுத்துங்கள். பதினாறு வயதில் அவள் யோசிக்க வேண்டியது ஓஎல் பரீட்சையைப் பற்றி.

எங்கள் மகன்தான் அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறான். என்ன செய்வது?

கேட்டு வந்ததற்கே உங்களை மதிக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருபவர்கள் மிகக் குறைவு. அனுப்புவதை உடனே நிறுத்தச் செய்யுங்கள். யார் யாருக்கு அனுப்பினான் என்று எழுதி வாங்குங்கள். பயத்தில் ஃபோனை உடைக்கவோ எல்லாவற்றையும் அழிக்கவோ வேண்டாம், சட்டத்தரணி ஒருவரைக் கேட்டுச் செய்யுங்கள். படத்தில் இருக்கும் அந்தப் பெண் பிள்ளையின் வீட்டுக்குப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேசப் போகாதீர்கள். அவள் விரும்பினால் மட்டுமே மன்னிப்புக் கேட்கலாம். "ரெண்டு பேருக்கும் கட்டி வைப்பம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடியுங்கள். நாட்டின் பொதுச் சட்டப்படி திருமண வயது 18. காயப்படுத்தியவனோடு அவளை வாழ்நாள் முழுக்கக் கட்டிப்போடுவது தீர்வும் இல்லை. மகன் செய்ததைச் செய்தான் என்று ஒத்துக்கொள்ள வையுங்கள். அவனையும் உளவளத்துணைக்குக் கூட்டி வாருங்கள், ஏனென்றால் அவனும் இன்னும் பிள்ளைதான்.

எனக்கு 17 வயது. வீட்டில் சொல்லவே ஏலாது. யாரிடம் சொல்வது?

உன்னை ஏசாத பெரியவர் ஒருவரை நினைத்துப் பார். அம்மம்மாவாக இருக்கலாம், ஒரு ரீச்சராக இருக்கலாம், சிநேகிதியின் அம்மாவாக இருக்கலாம். நேரில் சொல்ல வாய் வராவிட்டால் ஒரு துண்டில் எழுதிக் கொடு. யாருமே இல்லை என்றால் 1929க்கு எடு. அழைக்கக் காசு இல்லை, இரவிலும் எடுப்பார்கள். முழுக் கதையும் தொடக்கத்திலேயே சொல்லத் தேவையில்லை. "எனக்கு ஒரு பிரச்சினை, வீட்டில சொல்லப் பயமா இருக்கு" என்று மட்டும் சொல்லித் தொடங்கு. மற்றதை அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.